சாவா மூவாத் தர்மம்

திருமழபாடியில் வாழ்கிற நமக்கு வைத்தியர் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கொள்ளிடத்தின் வடகரையில் கோயில் கொண்டிருக்கும் நம் சுவாமியின் திருநாமமே வைத்தியநாதர். பங்குனி மாதம் நந்தியெம்பெருமானுக்கு நடக்கும் திருக்கல்யாணத்தைக் காண வருகிறவர்களில் மணமாகாத பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பங்கு; தீராத வியாதி தீர வேண்டுமென்று வருகிறவர்கள் மற்றொரு பங்கு. இரண்டு கூட்டத்தாரும் நம்பிக்கையோடுதான் வருகிறார்கள், நம்பிக்கையோடுதான் திரும்புகிறார்கள்.

ஆனால் வைத்தியநாதர் பஸ் கட்டணம் கொடுப்பதில்லை. இதைச் சொன்னதற்காகச் சுவாமி நம்மிடம் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தக் காரியத்தை மனிதர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விட்டிருக்கிறார் போலும்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். 2009-ஆம் வருஷம் முதல் நம் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு வைத்தியக் காப்பீட்டுத் திட்டம் இருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். மனமாரப் பாராட்டத் தக்கவை. என்றாலும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கப் பணம் வேண்டும். நோயாளிக்குத் துணையாகப் போகிறவர் அன்றையக் கூலியை இழக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காப்பியும் வாங்கிக் கொடுக்க வேண்டும். காப்பீட்டு அட்டையைக் காட்டி இட்லி வாங்க முடியுமா?

இந்தச் சின்ன இடைவெளியை அடைப்பதற்காக நம் ஊர் நண்பர்கள் சிலர் 2009-இல் ஒரு நிதி தொடங்கினோம். அதற்குப் பெரிய பெயரோ, முத்திரையோ, மாடிக் கட்டிடமோ கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பாங்கிக் கணக்குந்தான் அதன் சொத்து. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த நோட்டுப் புத்தகம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. பதினைந்து வருஷங்களுக்கு மேலாக அதை எழுதி வருகிறோம். அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடத்தை இந்த வாரம் நேயர்கள் முன்னால் வைக்க விரும்புகிறோம். பாடம் கற்பதற்கு நாம் கொடுத்த விலை சற்று அதிகம்.

ஒரு லக்ஷ ரூபாயின் கதை

தொடங்கின வருஷத்தில் உற்சாகம் கரை புரண்டது. வியாபாரிகள் கொடுத்தார்கள்; வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பினார்கள்; அறுவடை முடிந்த சமயமாதலால் மிராசுதார்களும் கையை இறுக்கவில்லை. ஒரு லக்ஷ ரூபாய் சேர்ந்தது. அதை அப்படியே பாங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, வருகிற வட்டியைக் கொண்டு தர்மத்தை நடத்துவது என்று தீர்மானித்தோம். “முதலைத் தொடவே கூடாது, அப்பொழுதுதான் தர்மம் என்றென்றைக்கும் நிற்கும்” என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நாமும் தட்டினோம்.

அப்பொழுது வட்டி நூற்றுக்கு எட்டு. வருஷத்துக்கு 8,000 ரூபாய். ஒரு நோயாளியும் துணைக்கு ஒருவரும் ஆற்றைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரவும், வழியில் ஆகாரம் செய்யவும் 100 ரூபாய் போதும் என்று கணக்கிட்டோம். ஆக, வருஷத்துக்கு எண்பது பயணம். நம்முடையதைப் போன்ற ஊருக்கு அது தாராளம்.

பிறகு நடந்தது என்ன? 2011-இல் பஸ் கட்டணம் உயர்ந்தது. 2018-இல் மறுபடியும் உயர்ந்தது. இட்லி விலை எந்த வருஷம் உயர்ந்தது என்று கேட்க வேண்டாம். அது உயராத வருஷம் எது என்றுதான் கேட்க வேண்டும். விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், பன்னிரண்டு வருஷத்தில் எல்லாம் இரட்டை விலையாகிவிடும். இது நாம் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கூட்டு வட்டிக் கணக்கு. மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கை நம் நோட்டுப் புத்தகத்துக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துபோனோம்!

2020-ஆம் வருஷம் கொரோனா நோய் வந்தது. நாடெங்கும் வியாபாரம் முடங்கியது. ரிசர்வ் பாங்கி அந்த மே மாதம் தனது அடிப்படை வட்டியை நூற்றுக்கு நான்காகக் குறைத்தது. கடன் வாங்கினவர்களுக்கு அது ஆறுதல். வட்டியை நம்பிப் பிழைக்கும் கிழவர்களுக்கும் நம்முடையதைப் போன்ற நிதிகளுக்கும் அது பேரிடி. நமது வைப்பு நிதிக்கு வட்டி நூற்றுக்கு ஐந்தரை ஆகிவிட்டது. 8,000 ரூபாய் வந்த இடத்தில் 5,500 வந்தது. ஒரு பயணச் செலவோ 100 ரூபாயிலிருந்து 200 ஆகியிருந்தது. எண்பது பயணம் போன இடத்தில் இருபத்தேழு பயணம். வியாதி அதிகமான வருஷத்தில் உதவி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

இவ்வளவும் நடந்தபோது, பாங்கிப் புத்தகத்தில் ஒரு லக்ஷ ரூபாய் ஒரு பைசாக் குறையாமல் அப்படியே இருந்தது. முதலை யாரும் தொடவில்லை. பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம். தர்மம் மட்டும் கரைந்துகொண்டிருந்தது.

கூசிப் போன ஒருவர்

நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் கூலியாளின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டிய நிலைமை ஏற்பட்டது. சிகிச்சைக்குச் செலவில்லை, போய் வரத்தான் செலவு. சித்திரையிலிருந்து கொடுத்து வந்தோம். ஐப்பசி மாதம் வந்தபோது அந்த ஆண்டின் வட்டி தீர்ந்துவிட்டது. “தை பிறந்தால் பார்க்கலாம்” என்று அவரிடம் சொன்னோம். கொஞ்சம் சுருக்கமாகவே சொல்லிவிட்டோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

வேறு யாராவது உதவி செய்திருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். மனிதனுக்குச் சௌகரியமான நினைப்புகள் எளிதில் வந்துவிடுகின்றன. ஒரு மாதம் கழித்துக் கடைத் தெருவில் அந்த அம்மாளைப் பார்த்தோம். முகமும் காலும் வீங்கியிருந்தன. வாரம் இரண்டு முறை போக வேண்டியவர் ஒரு முறைதான் போய்க்கொண்டிருந்தாராம். சில வாரங்கள் அதுவும் இல்லையாம்.

“ஏன் அம்மா, எங்களிடம் சொல்லக் கூடாதா?” என்று கேட்டோம்.

“இல்லைன்னு ஒரு தடவை சொன்ன பொறவு, திரும்பக் கேக்கக் கூச்சமா இருந்திச்சுங்க, ஸார்” என்றார் அந்த அம்மாள்.

அன்று மாலையே நிதிக் குழுவைக் கூட்டினோம். பெரிய சண்டை. மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர், “பாங்கியிலே லக்ஷ ரூபாயைப் பூட்டி வச்சுக்கிட்டு, வந்தவங்களை இல்லேன்னு அனுப்புறோம். இது தர்மமா வாத்தியாரே? வைப்பை உடையுங்க!” என்றார். அன்றைக்கு எழுந்து பேசிய அதே பெரியவர், “உடைச்சா ரெண்டு வருஷம் ஓடும், தம்பி. மூணாம் வருஷம் வர்றவனுக்கு யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தோம். அந்த அம்மாளின் பயணத்துக்கு அன்றைக்குக் கூடியிருந்தவர்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்பதோடு கூட்டம் முடிந்தது.

சுவர் சொன்ன பதில்

மனம் சரியில்லாத மாலை வேளைகளில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது நம் வழக்கம். நம் கோயிலின் கல்வெட்டுகளில் ஒன்றைப் பற்றிச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் விசேஷமாகக் குறிப்பிடுவார்கள். ராஜராஜ சோழனுடைய இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1013-இல், திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி உத்தரவு பிறந்தது. பழைய சுவர்களிலோ முன்னோர் செய்த தர்மங்களெல்லாம் வெட்டப்பட்டிருந்தன. சுவரை இடித்தால் சாஸனம் போய்விடும். சாஸனம் போனால் தர்மம் போய்விடும். ஆகையால் இடிப்பதற்கு முன்னால் அத்தனை கல்வெட்டுகளையும் ஒரு புத்தகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். ராஜராஜன் காலமாகி, அவனுடைய மகன் ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்து, அவனது பதினான்காம் ஆண்டில், சுமார் 1026-இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டினார்கள்.

நேயர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இடையே பதின்மூன்று வருஷம். ஒரு ராஜா போய் இன்னொரு ராஜா வந்தாயிற்று. என்றோ ஒருவர் ஒரு விளக்குக்கு வைத்த பொன்னும், மற்றொருவர் அமுதுபடிக்கு விட்ட நிலமும் கணக்கில் விட்டுப் போகாதபடி அந்தப் புத்தகத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர் பெயர் நமக்குத் தெரியாது. கணக்கு எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவர் என்ற முறையில் அவரை நம்முடைய உறவினராகவே பாவிக்கிறோம்.

சோழர் காலத்துக் கோயில்களில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிவதற்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் ஓர் அழகான பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத ஆடுகளாம்! ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். ஆனால் குட்டி போடும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை மந்தையில் சேர்த்து, எண்ணிக்கையைத் தொண்ணூற்றாறாகவே வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. குட்டிகளையெல்லாம் விற்றுச் சாப்பிட்டுவிட்டு, “கொடுத்த ஆட்டை நான் தொடவே இல்லை” என்று அவர் சாதிக்க முடியாது.

பிராகாரத்தில் நடந்துகொண்டிருந்த நமக்குச் சுருக்கென்று உறைத்தது. நாம் செய்தது அதுதான் அல்லவா? நமது ஒரு லக்ஷ ரூபாயும் ஒரு மந்தை. விலைவாசி ஏற ஏற அந்த ஆடுகள் கிழடாகிக்கொண்டே வந்தன. வட்டி என்கிற குட்டிகளை ஒன்று பாக்கியில்லாமல் ஒவ்வோர் ஆண்டும் செலவழித்தோம். நூற்றுக்கு எட்டு வட்டி வருகிற காலத்தில், விலைவாசி நூற்றுக்கு ஆறு ஏறுகிறதென்றால், அந்த ஆறைத் திரும்ப முதலில் சேர்த்துவிட்டு இரண்டை மட்டுமே செலவு செய்திருக்க வேண்டும். அதாவது 8,000 ரூபாயில் 2,000 ரூபாய். அந்த உண்மை ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் கூட்டத்தில் யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் வேறு வழியை அன்றைக்கே யோசித்திருப்போம்.

பதினைந்து படுக்கையின் வரவு செலவு

கல்வெட்டில் ஒரு வைத்தியசாலையின் வரவு செலவுக் கணக்கே இருக்கிறது. காஞ்சீபுரத்துக்கு அப்பால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் உண்டு. அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063 - 1070) காலத்துச் சாஸனம் ஒன்று நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு வேத பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையும் நடந்தன. மாணாக்கர்களும் கோயில் பணியாட்களும் நோயுற்றால் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார்கள்.

அந்தச் சாஸனத்தை எழுதியவருடைய புத்தியை மெச்சாமலிருக்க முடியாது. “ஆதுலசாலைக்கு இவ்வளவு” என்று மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி அவர் முடித்துவிடவில்லை. வைத்தியருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அவருக்குத் தனியாக நிலமும் உண்டு. சல்லியக் கிரியை செய்கிறவருக்கு முப்பது கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டு வந்து, மருந்து காய்ச்சுகிறவர்களுக்கு இவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இவ்வளவு, நாவிதருக்கு இவ்வளவு, தண்ணீர் கொண்டு வருகிறவருக்கு இவ்வளவு. படுத்திருக்கும் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்னவை என்று தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என ஒரு ஜாபிதா. இவ்வளவும் போக, இரவில் ஆதுலசாலையில் எரிய ஒரு விளக்குக்கும் ஏற்பாடு.

அந்த விளக்குச் செலவில்தான் நம் மனம் நின்றுவிட்டது. நடு இரவில் நோயாளி தண்ணீர் கேட்பான். இருட்டில் யார் எழுந்து எங்கே தேடுவது? இதை யோசித்தவர் நோயாளியின் அருகில் ஓர் இரவாவது விழித்திருந்தவராக இருக்க வேண்டும். தர்ம ஸ்தாபனத்தின் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டியதில்லை. செலவின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சம்பளத்தின் பெரும் பகுதி நெல்லாக அளக்கப்பட்டது. காசின் மதிப்பு ஏறலாம், இறங்கலாம். தொண்ணூறு கலம் நெல் என்றைக்கும் தொண்ணூறு கலம் வயிற்றுப் பசியைத் தீர்க்கும். நம் முன்னோர் பொருளாதார சாஸ்திரத்தில் பட்டம் வாங்கவில்லை. பட்டம் வாங்கிய நாம் ஒரு லக்ஷ ரூபாயைப் பூட்டிவைத்துவிட்டுச் சாவியை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதியாகும் நன்கொடை

பழங்கதை போதும், இந்தக் காலத்துக்கு வா என்று நேயர்கள் சொல்லலாம். வருகிறோம்.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-இல் புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த எண்ணம், 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியாக உருவெடுத்தது. 1952-இல் அடையாற்றில் ஆஸ்பத்திரிக்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் பன்னிரண்டு படுக்கைகளோடு வேலை தொடங்கியது. துக்கத்துக்கும் முதல் படுக்கைக்கும் இடையே முப்பத்தொரு வருஷம்! அந்தச் சில படுக்கைகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாடறிந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

தொடங்கிய சில வருஷங்களுக்குள் அந்த ஆஸ்பத்திரிக்குக் கனடா தேசத்திலிருந்து கோபால்ட் சிகிச்சை யந்திரம் ஒன்று நன்கொடையாக வந்தது. பெரிய கொடை, எத்தனையோ உயிர்களைக் காத்த கொடை. ஆனால் கோபால்டுக்கு ஒரு குணம் உண்டு. யந்திரத்தை உபயோகித்தாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி, ஐந்தேகால் வருஷத்துக்கு ஒரு முறை அதன் சக்தி பாதியாகக் குறையும். அடுத்த ஐந்தேகால் வருஷத்தில் கால் பங்காகும். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்த சிகிச்சைக்குப் பத்து நிமிஷம் வேண்டியிருக்கும். வாசலில் காத்திருப்பவர் வரிசை நீளும். ஆகவே கொடை வந்த அன்றைக்கே, அடுத்த கோபால்டுக்குப் பணம் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

கோபால்ட் தன் க்ஷயத்தை விஞ்ஞானிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ரூபாய் சொல்வதில்லை. அது ஒன்றே வித்தியாசம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிடம் கட்டிக் கொடுப்பவர் பெயர் சலவைக் கல்லில் ஏறுகிறது. அந்தக் கட்டிடத்தில் பத்து வருஷம் கழித்து மின்விசிறிக்குப் புது மோட்டார் போடுகிறவர் பெயரை யார் எழுதுகிறார்கள்? ஆனால் நோயாளி மூச்சு விடுவது மின்விசிறியின் கீழேதான்.

சின்னக் காசின் பெருமை

அப்படியானால் சிறிய தர்ம ஸ்தாபனம் எதை நம்பிப் பிழைப்பது? உலக அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது.

டென்மார்க்கில் ஒரு தபால் குமாஸ்தா, பண்டிகைக் காலத்தில் கடிதங்களின் மேல் ஒட்டுவதற்கு ஒரு சின்ன முத்திரையை விற்று, நோயுற்ற குழந்தைகளுக்குப் பணம் சேர்க்கலாமே என்று யோசித்தார். 1904-இல் அது நடந்தது. 1907-இல் அமெரிக்காவில், டெலாவேர் என்ற சிறு மாகாணத்தில் க்ஷயரோகிகளுக்காக நடந்த ஒரு குடில் முந்நூறு டாலர் இல்லாமல் மூட வேண்டிய நிலைக்கு வந்தது. எமிலி பிஸ்ஸெல் என்ற அம்மையார் அதே யோசனையைப் பின்பற்றி, முத்திரை ஒன்று ஒரு சென்ட் என்று விற்றார். முந்நூறு டாலருக்குப் பதிலாகச் சுமார் மூவாயிரம் டாலர் சேர்ந்தது. நம் நாட்டிலும் 1950 முதல் க்ஷயரோக முத்திரை விற்பனை நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தபோது அதை வாங்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட நேயர்கள் பலர் இருப்பார்கள்.

மதுரையில் டாக்டர் வேங்கடசாமி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கொடுக்கக் கூடியவர் கட்டணம் கொடுப்பார். கொடுக்க இயலாதவருக்கு அந்த வருமானத்திலிருந்தே சிகிச்சை. சென்னையில் டாக்டர் சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ வைத்திய சேவை ஸ்தாபனத்தில், குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்குத் தக்கபடி ஆண்டுச் சந்தா கட்டும் முறையை வைத்தார்கள். முறைகள் வேறு வேறு, உட்கருத்து ஒன்றே. பணம் ஒரே நாளில் வெள்ளமாக வராமல், வாய்க்காலாக ஓடிவர வேண்டும். கொள்ளிடக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் கடலுக்குத்தான் போகிறது. பயிர் பிழைப்பது வாய்க்காலால்.

நாம் செய்தது

மறு கூட்டத்தில் நாம் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினோம். நாற்பது வீட்டார் மாதம் இருபது ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 9,600 ரூபாய். ஒரு லக்ஷ ரூபாயின் வட்டி 5,500. நாற்பது வீடுகளின் இருபது ரூபாய், லக்ஷ ரூபாயைத் தோற்கடித்துவிட்டது! அதுவுமன்றி, விலை ஏறும்போது இருபதை இருபத்தைந்தாக்குங்கள் என்று அண்டை வீட்டாரிடம் கேட்கலாம். பாங்கியிடம் கேட்க முடியாது.

மளிகைக் கடை நண்பர் வைப்பை உடைக்கும் பேச்சை விட்டார். பெரியவர், வட்டியில் பாதியை முதலோடு சேர்ப்பதற்கு ஒப்புக்கொண்டார். “குட்டியை மந்தையிலே விடணும்ங்கிறீங்க, அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் வீடு வீடாகச் சந்தா கேட்கப் போனபோது ஒரு விஷயம் வெளியாயிற்று. “வருஷக் கணக்கா ஒரு தகவலும் இல்லையே, நிதியை மூடிட்டீங்கன்னு நெனச்சோம்” என்று பலர் சொன்னார்கள். குற்றம் நம்முடையது. உதவி சுருங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு வருஷங்களாகக் கணக்கை நாம் ஊராருக்குப் படித்துக் காட்டவே இல்லை. வெட்கத்தால் கணக்கை மறைத்தோம். கணக்கைக் காணாததால் கொடுப்பவர்கள் நின்றார்கள். கொடுப்பவர்கள் நின்றதால் அந்தக் கூலியாளின் மனைவி வீங்கின காலோடு வீட்டில் இருந்தார். அவர் கேட்கக் கூசினார். நாம் சொல்லக் கூசினோம். இரண்டு கூச்சங்களுக்கும் நடுவில் ஓர் உயிர் போயிருக்கும்.

இப்பொழுது மாதம் முடிந்ததும் ஒரு கரும்பலகையில் மூன்று வரி எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்கிறோம்: வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, கேட்டுக் கொடுக்க முடியாமற் போனது இவ்வளவு. உதவி பெற்றவர்களின் பெயரை எழுதுவதில்லை. மூன்றாவது வரியை எழுதத்தான் கை தயங்குகிறது. ஆனால் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் கொடுக்கிறார்கள். “போன மாசம் நாலு பேருக்கு இல்லேன்னு எழுதியிருந்தீங்களே” என்று சொல்லி, ஒருவர் நான்கு பேருடைய பயணத்துக்குமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் நமது நிதிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. ஆயினும் ஆற்றைக் கடந்து போகிற வெளியூர்ப் பஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. அந்த அம்மாள் வாரம் இரண்டு முறை தவறாமல் போய் வருகிறார். நிதி செழித்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். சென்ற வருஷக் கடைசியில் கையிருப்பு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ஆனால் ஐப்பசியில் “இல்லை” என்று யாருக்கும் சொல்லவில்லை.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் இத்தகைய சிறிய நிதி ஒன்று இருக்கும்: நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுக்கிற சங்கமோ, ரத்த தானம் சேகரிக்கிற இளைஞர் குழுவோ, குருடருக்குக் கண்ணாடி வாங்கித் தருகிற சபையோ. வீட்டில் ஒரு சுபகாரியம் நடக்கும்போது மொத்தமாகக் கொடுங்கள். வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆனால் அதோடு நிற்காமல் மாதம் ஒரு சிறு தொகையையும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, வருஷம் ஒரு முறை அந்த நிதியின் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கணக்குக் கேட்பது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். கணக்கு எழுதுகிறவனுக்கு, அதைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதைப் போன்ற ஊக்கம் வேறில்லை.

ஆடுகள் சாகத்தான் செய்யும். மந்தையைச் சாகாமல் வைத்திருப்பது மேய்க்கிறவர்களின் கையில் இருக்கிறது. அடுத்த மாதக் கணக்கு எழுதும் நாள் நெருங்கிவிட்டது. நமக்குச் சுண்ணாம்புக் கட்டி வாங்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதிவிடுவோம்.